நான் அழித்த ஆச்சரியக்குறிகள்

தீசிஸ் டைப் அடிக்கிறவளுக்கு அதில் இருப்பது புரிய வேண்டியதில்லை. புரிந்த மாதிரி கைவைக்காமல் இருந்தால் போதும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், புத்தூரில் ஒரு டைப்பிங் கடையில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அடுத்தவர் எழுத்தைச் சுமந்து கழுத்துவலி வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

கூச்சல் போட்ட பக்கங்கள்

கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்யும் கவிதா, உப்பிலியபுரத்துப் பெண். மூன்றாம் அத்தியாயத்தைப் பென்டிரைவில் கொடுத்துப் பக்கங்களை ஒழுங்குபடுத்தச் சொன்னாள். திறந்தால் வரிக்கு வரி ஆச்சரியக்குறி. படித்த பெண் இப்படியா எழுதுவாள்? யாராவது சிரித்துவிட்டால்? எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் எடுத்தேன். மிச்சம் நின்ற இரட்டைக் கமாக்களையும் ஒற்றையாக்கினேன்.

பைண்டிங் பார்க்கும் ஜமால் பாய் எட்டிப் பார்த்தார். "பொண்ணு எதுக்கு இவ்வளவு ஆச்சரியப்படுதுன்னு நினைச்சேன். நல்லவேளை, அடக்கிட்டீங்க."

பேர் இல்லாத பத்திரிகை

மறுநாள் கவிதா முகம் வெளுத்து வந்தாள். "அக்கா, குறியெல்லாம் எங்க?" சுத்தம் செய்துவிட்டேன் என்று பெருமையாகத்தான் சொன்னேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அது ஆச்சரியக்குறியே இல்லையாம். கம்ப்யூட்டருக்கு இடுகிற உத்தரவாம். பென்டிரைவில் இருந்ததைத் தவிர வேறு பிரதியும் இல்லையாம்.

"என் தீசிஸே அந்தக் குறியைப் பத்திதான் அக்கா. நீங்க கல்யாணப் பத்திரிகையில பொண்ணு பேரை எடுத்துட்டீங்க."

பூட்டு

அப்படி என்னதான் உத்தரவு என்று கேட்டேன். ஸ்ரீரங்கத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை வந்து, சந்தேகத்தில் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான். அது கவிதாவுக்குத் தெரியும். "நான் புரோகிராம் எழுதுற பாஷையில கம்ப்யூட்டரும் உங்கள மாதிரிதான்க்கா. ஒரு வழி சரிப்படலைன்னா திரும்பி வந்து அடுத்த வழியைப் பார்க்கும். இந்தக் குறியைத் தாண்டிட்டா திரும்பக் கூடாது."

"அதான் எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே, நீ என்னம்மா புதுசா எழுதுற?"

"ஓட்டிப் பார்த்தா தெரியும். ஓட்டிப் பார்க்காமலே இதுக்கு இதான் அர்த்தம்னு கணக்கா எழுதிக் காட்டணும். பூட்டுன கதவை நம்புறதுக்கு ஒரு காரணம் வேணும்ல?"

பச்சையும் சிவப்பும்

அந்தக் குறிகளில் இரண்டு ஜாதி உண்டு. பச்சை என்றால், எடுத்தாலும் விடை மாறாது; வேலைதான் நீளும். சிவப்பை எடுத்தால் விடையே மாறிவிடும். எது எது என்று தன் கணக்கை வைத்துக் கவிதா பட்டியல் போட்டிருந்தாள். நான் கெடுத்து வைத்த பக்கங்களில் இருந்த புரோகிராம்களை ஓட்டிப் பார்த்தவள், ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினாள். பச்சை என்று எழுதிய ஒன்று, குறி போனதும் கூடுதலாக ஒரு தப்பு விடையைக் காட்டியது. பட்டியல் தப்பென்றால் அதற்கு அடியில் இருக்கும் கணக்கும் தப்பு.

வெள்ளிக்கிழமை கொடுக்காவிட்டால் அவள் பதிவே ரத்தாகிவிடும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று நாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து கணக்கைத் திருத்தினாள். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு குறியாக நான் திரும்பப் போட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், பசை காயாத புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

சில மாதம் கழித்து ஸ்வீட் பெட்டியோடு டாக்டர் கவிதா வந்தாள். வாய்மொழித் தேர்வில், பட்டியலை எப்படிச் சரிபார்த்தாய் என்று கேட்டார்களாம். சொன்ன பதிலை என்னிடம் அப்படியே ஒப்பித்தாள்: "எங்க டைப்பிஸ்ட் அக்கா ஒண்ணு விடாம எடுத்துப் பார்த்துட்டாங்க சார்."

இப்போதெல்லாம் வீட்டைப் பூட்டியதும் மனசுக்குள் ஓர் ஆச்சரியக்குறி போட்டுவிட்டுத் திரும்பாமல் பஸ் ஏறிவிடுகிறேன்; அது பச்சையா சிவப்பா என்ற கவலை மட்டும் காவிரிப் பாலம் வரைக்கும் கூட வருகிறது.