பக்கத்து வீட்டுக்காரர் பேரில் ஒரு ஃபேன்

சேலையூரில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் யாருக்காவது மாற்றல் வந்தால், பால்காரர், பேப்பர்காரர், வேலைக்கார அம்மா எல்லாரையும் பக்கத்து வீட்டுக்கு ஒப்படைத்துவிட்டுப் போவது வழக்கம். பேங்க்கில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு சார் திருச்சிக்குப் போனபோது எங்களிடம் ஒப்படைத்தது ஒரு டேபிள் ஃபேன். தாம்பரத்தில் ஒரு கடையிலிருந்து மாத வாடகைக்கு எடுத்தது.

"நீங்களே வெச்சுக்குங்க சார். மாசாமாசம் வாடகையைக் கட்டிடுங்க, கடைக்காரன் ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்றார் அப்பாவிடம். நல்ல மனுஷர்தான். யாரையும் ஏமாற்றத் தெரியாதவர்.

அப்பாவுக்கு இதயக் கோளாறு. சம்பளமில்லாத லீவில் வீட்டோடு கிடந்தார். படுத்தால் மூச்சு முட்டும். மடியில் தலையணையை வைத்துக் கவிழ்ந்தபடி உட்கார்ந்தே விடியும். ஃபேன் வந்த அன்றுதான் மனுஷர் கட்டிலில் நீட்டிப் படுத்துத் தூங்கினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தபடி நின்றாள். வீட்டுச் செலவில் எதைக் குறைத்தாலும் ஃபேன் வாடகையை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டாள்.

கத்திரி வெயில் ஆரம்பித்ததும் கடைக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"பேங்க் சாரு லெட்டர் போட்டுகீறாரும்மா. கணக்க முடிச்சு அட்வான்ஸ அனுப்பச் சொல்றாரு. ஃபேன எடுத்துகினு போறேன்."

"இத்தனை மாசமா வாடகை கட்டறது நாங்கதானே!" என்றாள் அம்மா.

"கட்னீங்க, வாங்கிக்கினேன். அதுக்காவ உங்க பேருக்கு வந்துடுமா? அவுரு பேர்லதான் கீது."

"அப்ப எங்க பேருக்கு மாத்திக் குடுங்க."

"சம்பளக்காரங்க பேருக்குத்தான் தருவேம்மா. சாருதான் வேலைக்கே போறதில்லியே."

குரலைக்கூடத் தாழ்த்தவில்லை, பாவி. வாடகை கட்டும் பொறுப்பு மட்டும் எங்கள் தலையில் விழுந்தது. ஃபேனின் மேல் இருந்த உரிமை திருச்சிக்கு ரயிலேறிவிட்டது. இது எங்களுக்கும் உறைக்கவில்லை, படித்த அந்த சாருக்கும் உறைக்கவில்லை. அதோடு விட்டாரா கடைக்காரர்? முன்பக்கக் கம்பி வளைந்திருக்கிறது, அதற்கும் காசு வேண்டுமாம்.

"வரும்போதே அப்படித்தான் இருந்தது!" என்று அம்மா கத்தினாள்.

"கொடுத்தனுப்பு" என்றார் அப்பா கட்டிலிலிருந்து. "ஊரான் பொருள். நம்மகிட்ட இருக்கும்போது நாமதான் பதில் சொல்லணும்." பிறகு கடைக்காரரைப் பார்த்து, "பிளக்கைப் பார்த்துப் பிடுங்குப்பா, ஒயர் பிஞ்சிருக்கு, ஷாக் அடிக்கும்" என்றார்.

அடிக்கட்டுமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்றைக்கு அப்பா மேலும்தான் கோபம். இவ்வளவு நல்லவராக இருந்து என்ன கண்டார்?

அம்மாவும் நானும் மாற்றி மாற்றிப் பனைவிசிறியால் விசிறினோம். கை ஓய்ந்தால் அவருக்கு மூச்சு இழுக்கும். "போதும், கை வலிக்கும்" என்பார், வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டே. கத்திரி முடிவதற்குள் போய்விட்டார்.

ஃபேன் இருந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். சரி, பிழைத்திருக்க வேண்டாம். படுத்துக்கொண்டாவது செத்திருப்பாரே. தலையணையில் முகத்தைப் புதைத்து, உட்கார்ந்தபடியே போனார் எங்கள் அப்பா.