கப்பல் போய்ச் சேர்ந்த வாலாஜாபாத்

எபிரேயத் தீர்க்கதரிசிகள் அத்தனை பேரையும் கரைத்துக் குடித்தவன் இந்த ஏழுமலை. பொய். நான் கரைத்துக் குடித்தது கேண்டீன் காபித்தூள் மட்டும்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைப் பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டது. இப்போதும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதையும் நான் சொல்லச் சொல்ல, என்னோடு வேலை பார்க்கும் ஜெபராஜ் அண்ணன்தான் எழுதுகிறார். என் ‘கீது’வையெல்லாம் ‘இருக்கிறது’ என்று திருத்திவிடுகிறார்.

காலை 6.40. ஞாயிற்றுக்கிழமை. கார் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து நானும் அண்ணனும் இருங்காட்டுக்கோட்டையில் ஷேர் ஆட்டோ ஏறினோம், ஆளுக்கு முப்பது ரூபாய். போகும் இடம் வாலாஜாபாத். எங்களை வேலைக்கு எடுத்த கான்ட்ராக்டர் செல்வின் சார் அங்கே மூன்று மாடியில் வீடு கட்டியிருந்தார். அன்றைக்குப் புதுவீட்டு ஜெபம். நான் போனது பிரியாணிக்கு. அண்ணன் போனது வேலைக்கு. அவருடைய டேக், கழுத்தில் தொங்கும் கான்ட்ராக்ட் அட்டை, அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க செல்வின் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூன்று வாரமாகப் போனை எடுக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செல்வினும் அண்ணனும் ஒரே ஊர், திருநெல்வேலிப் பக்கம். ஒன்றாக ரயிலேறி வந்து, இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் ஒரு பாயை ஷிப்ட் போட்டுப் பங்கிட்டவர்கள்.

7.25. ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸுக்கு மாறினோம். ஒரகடம் வரை பன்னிரண்டு கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். ஏரி மேல் பனி இறங்கியிருந்தது. அண்ணன் தினமும் பைபிளில் ஒரு பகுதி வாசிப்பார். அன்றைக்கும் வாசித்தார். எனக்குக் கண் சொக்கியது.

“இன்னாண்ணே கதை இன்னைக்கி?”

“கடலுக்கு நடுவுல ஒரு பட்டணம்ல. அத ஒரு கப்பல்னு தீர்க்கதரிசி சொல்லுதாரு. மரம் ஒரு நாட்டுல இருந்து, பாய் ஒரு நாட்டுல இருந்து. வராத சரக்கு இல்ல.”

“நம்ம லைன் மாதிரியே கீதேண்ணே. கண்ணாடி ஒரு ஊரு, டயரு ஒரு ஊரு.”

“அப்படித்தான். அந்த ஊரு ராசாவுக்கு நெஞ்சு பொங்கிருச்சு. நாந்தான் தெய்வம்னுட்டான்.”

“துட்டு வந்தது தப்பாண்ணே?”

“துட்டு வந்தது தப்பில்ல. எல்லாம் என் சாமர்த்தியம்னான் பாரு, அதுதான். கிழக்குக் காத்து அடிச்சுது. நடுக்கடல்ல கப்பல் முங்கிருச்சு.”

“துடுப்பு போட்டவன்?”

“அவனுந்தான்.”

“இன்னாண்ணே அநியாயமா கீது! நெஞ்சு பொங்குனது ராஜாவுக்கு. துடுப்பு போட்டவன் இன்னா பண்ணான்?”

அண்ணன் புத்தகத்தை மூடினார். “அதத்தாம்ல நானும் யோசிக்கேன்.”

பிறகு நான் தூங்கினேனா, விழித்திருந்தேனா, தெரியாது. வெள்ளை உறை போட்ட புதுக் கார்கள் வரிசை வரிசையாக நின்றன, அலை வந்து அப்படியே உறைந்துபோனது போல. கம்பெனிக் கட்டடங்கள் பனியில் அடித்தளம் இல்லாமல் மிதந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் கழுத்தில் டேக் மாட்டிய ஆட்கள் உட்கார்ந்து துடுப்புப் போட்டார்கள். எனக்குப் பக்கத்துத் துடுப்பு அண்ணனுடையது. நான் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். கனவில்கூட எனக்கு உழைக்க வரவில்லை.

8.05. ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே மறுபடி பஸ். இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், இருபத்தைந்து ரூபாய். கம்பெனிகள் குறைந்து வயல் வந்தது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி, வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். காது கொடுத்தேன். “சார், என் டேக் விஷயமா...” அதே வரிதான், திரும்பத் திரும்ப.

9.10. கிறிஸ்தவர் வீடு என்றும் பாராமல் வாசலில் கட்டட மேஸ்திரி ஒரு பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். உள்ளே கம்பெனிப் பெரியவர்கள் நாற்காலியில். நாங்கள் கடைசியில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில். அண்ணன் சொல்லிப் பழகிய வரியோடு கிட்டே போனார். “அப்புறம் பாப்போம்” என்று செல்வின் நிற்காமல் நடந்தார்.

ஜெபம் முடிந்து செல்வின் பேசினார். “இந்த வீட்டுல ஒவ்வொரு கல்லும் என் உழைப்பு. எவன் தயவும் கெடையாது.” கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிரியாணி வாசனை வந்துவிட்டது.

அடுத்து வாக்குத்தத்தப் பெட்டி வந்தது. விருந்தாளிகள் ஆளுக்கு ஒரு பைபிள் வசன அட்டை எடுத்துச் சத்தமாக வாசிக்க வேண்டும், அது அந்த வீட்டுக்குக் கடவுள் சொல்லும் வாக்கு. வாசித்ததெல்லாம் உயர்வாய், நிறைவாய் என்றுதான் வந்தது. திட்டுகிற அட்டை ஒன்றுகூட அந்தப் பெட்டியில் இல்லை. சுற்றிச் சுற்றிப் பெட்டி என்னிடம் வந்து நின்றது.

எடுத்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. நாற்பது பேர் என்னைப் பார்க்கிறார்கள். எழுத்துக் கூட்டினால் மானம் போகும். படிக்கிற மாதிரி அட்டையைத் தூக்கிப் பிடித்து, வாயில் வந்ததைச் சொன்னேன்.

“நீ நடுக்கடல்ல நிக்கிற கப்பலு. ரொம்ப அழகா கீற. கெழக்குக் காத்து வரும். நாந்தான் சாமின்னு சொல்லிக்காத. துடுப்பு போட்டவன் மூஞ்சிய ஒரு தபா பாரு.”

செல்வின் வந்து அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். அதில் ‘பெருகுவாய்’ என்று இருந்ததாம்.

“யாருல ஒனக்கு இதச் சொல்லிக்குடுத்தா?”

எனக்கு அந்த நேரம் ஒரு பொய்யும் வரவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக. செருப்புப் பக்கத்திலிருந்து அண்ணன் எழுந்தார். பேசாமல் இருந்திருந்தால் போதும், பழி என்னோடு போயிருக்கும்.

“நாந்தாம்ல, செல்வின்.”

மூன்று வருடமாக ‘சார்’ என்றவர். கம்பெனிப் பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பஸ்ல வாசிச்சேன். அவன் கேட்டான். அவ்வளவுதான்.”

“மிச்சத்த வாசி” என்றார் செல்வின்.

அண்ணன் நின்றபடியே வாசித்தார். முதலில் குரல் நடுங்கியது. துடுப்புக்காரர்கள் அழுகிற இடம் வந்தபோது நடுக்கம் நின்றுவிட்டது. செல்வின் நாற்காலிகளைத் தாண்டி, செருப்புகளை மிதித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். அண்ணன் கழுத்தில் கிடந்த டேக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்து, மெதுவாக...

“யோவ் ஏழுமலை! ஜெபராஜண்ணே! கதை எழுதுனது போதும்! ஷிப்ட் வண்டிய நிறுத்தி எவ்ளோ நேரமா ஆரன் அடிச்சிகினு கீறேன்! அண்ணே, புது டேக்க மாட்டிகினா மட்டும் போதுமா? டைமுக்கு வந்து ஏற வேணாமா?”