சாக்பீஸ் தேய்த்த சட்டை

பிரிக்பீல்ட்ஸ் கடையில் என் மகள் சாக்பீஸ் பெட்டியைத் திறந்தாள். அந்த வாசனை! நினைவில் நேராகச் சின்ன வயதுக் கிள்ளான் வீட்டில் போய் விழுந்தேன்.

லோரி ஓட்டும் அப்பா கோயில் தலைவர் தேர்தலில் நின்ற நாள் அது. எங்கள் குடும்பத்தில் அதற்குமுன் யாரும் மேடை ஏறியதில்லை.

"அந்தக் காலத்து ரோம்ல சிசரோன்னு ஒருத்தரு, அவரு வீட்டுலயும் அப்படித்தாம்பா, யாரும் பதவிக்கு வந்ததே இல்ல. ஆனா பேசியே ரோமுக்குத் தலைவராயிட்டாரு! அங்க ஓட்டு கேக்குறவங்க துணியில வெள்ளச் சுண்ணாம்பு தேய்ச்சுக்குவாங்களாம்!"

பள்ளியில் கேட்டதைச் சொல்லியபடியே அவர் சட்டை முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்தேன்.

"என்னை நம்புங்க லா!" என்று கூட்டத்தில் அப்பா நெஞ்சில் அடித்தார். புகை கிளம்பியது. முன்வரிசையே தும்மியது. சிரிப்பு அடங்குவதற்குள் கைகள் உயர்ந்தன. அப்பா ஜெயித்துவிட்டார்!

நான் சொன்ன இதைக் கேட்ட மகள், "சாயந்தரம் தேர்தல்ல தாத்தாவோட அதே தலைவர் நாற்காலிக்குத்தானே நீங்க நிக்கிறீங்க? பொம்பளைங்க யாரும் உக்காந்ததே இல்லல்ல? திரும்புங்கம்மா!" என்றாள்.

காசு கொடுக்குமுன்பே என் நீலப் புடவையில் வெள்ளைக்கோடு விழுந்தது.