மஞ்சள் சுவரில் நாய்க்குட்டிகள்

எங்கள் மகள் தெருநாயைக் கண்டாலே அலறுவாள். பயம் தெளியட்டும் என்று, திருக்கோகர்ணத்து வீட்டு ஹாலுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, அவள் கண் மட்டத்தில் நாய்க்குட்டி ஓவியங்களை மாட்டினேன். சோபாவிலும் நாய்க்குட்டி படம் போட்ட குஷன்களைப் போட்டேன்.

"பயந்த புள்ளைக்கு வீடு பூரா நாயா?" என்று கணவர் சிரித்தார். பயத்தைக் கூட்டிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம்.

வெள்ளிக்கிழமை சாமி படங்களைத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டுத் திரும்பினால், மகள் குங்குமச் சிமிழோடு நிற்கிறாள். நாய்க்குட்டிகளின் நெற்றியிலும் பொட்டு!

"இனி இதுகளுக்கும் பூ வாங்கணும் போலயே!" என்றார் கணவர்.

திங்கட்கிழமை பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் செவலை நாயொன்று படுத்திருந்தது. நான்தான் சட்டென்று அவள் கையைப் பிடித்தேன். அவள் அலறவில்லை.

"அம்மா, இதுக்கு மட்டும் ஏன் பொட்டு வைக்கலை?" என்றாள்.