இடது கொம்பு உடைந்த பூதம்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, கட்டி முடியாத ஏதாவது வீட்டின் முகப்பில் இடது கொம்பு உடைந்த சிவப்புப் பூதம் ஒன்று திருஷ்டிக்காகத் தொங்கக் கண்டால், அதை வரைந்தவன் நான் என்று அறிக. இத்தனை வருஷம் கழித்தும் இதைச் சொல்லும்போது பல்லைக் கடிக்கிறேன். பல் மருத்துவர் கூடாது என்றிருக்கிறார்.

ஏழாவது படிக்கையில் நான் ஒரு வீடியோ கேம் தயாரித்தேன். கம்ப்யூட்டரை நேரில் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு டிவியே தலையில் தட்டினால்தான் படம் காட்டும். ஆகவே நாற்பது பக்க ரஃப் நோட்டில் தயாரித்தேன். கிளை நூலகத்தில் அட்டை போன ஜப்பானியக் கதைப் புத்தகம் ஒன்று இருந்தது. பேய் பிசாசுகளை அதிலிருந்துதான் கூட்டிவந்தேன். உச்சந்தலைக் குழியில் தண்ணீர் வைத்திருக்கும் ஆற்றுப் பிசாசுக்கு நாம் குனிந்து வணக்கம் வைத்தால், பதிலுக்கு அதுவும் குனியும், தண்ணீர் கொட்டிவிடும், ஆள் காலி. மரியாதை கொடுத்தே எதிரியைக் கொல்லும் கேம் உலகத்திலேயே அது ஒன்றுதான். ஏழு காடு தாண்டினால், கடைசியில் இரும்புத் தடியோடு ஓனி என்கிற சிவப்புப் பூதம். அழிக்கப்போய் ரப்பர் தாளைக் கிழித்துவிட்டதில் அதன் இடது கொம்பு பாதியில் நின்றுவிட்டது.

கூட்டேரிப்பட்டில் சிமெண்ட், கம்பிக் கடை வைத்திருந்த சித்தப்பா நோட்டைப் புரட்டினார். "மெட்ராசுல நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் ஜப்பான் கம்பெனில இருக்கறான். அனுப்பிச்சிடலாம், குடு" என்றார். கொடுத்தேன். மூன்று மாதம் தபால்காரரை வாசலில் நின்று வரவேற்றேன். ஜப்பானியர்கள் நிதானமானவர்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு கல்யாணத்துக்காக அம்மாவோடு விழுப்புரம் பஸ்ஸில் போனேன். கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும், சாரம் கட்டிய ஒரு வீட்டில் என் பூதம் தகரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்து ஒரு மாடியில். விக்கிரவாண்டி வருவதற்குள் ஆறு. ஆறிலும் இடது கொம்பு பாதி. ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.

"வாய மூடிக்கினு குந்துடா, மானம் போவுது" என்று அம்மா காலரைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பும்போது பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றதுதான் தாமதம், குதித்துக் கடைக்கு ஓடினேன். பின்னால் பைகளோடு அம்மா.

"ஜப்பானுக்கு அனுப்பிச்சியா சித்தப்பா?"

"அனுப்பிச்சன்டா. வழியிலயே எறங்கிக்கினான் போல."

கடையே சிரித்தது.

"ஏழு காடு தாண்டினவன்தான் இவனப் பாக்கணும்! ரோட்டுல போறவன்லாம் பாக்கறான்!" என்று கத்தினேன்.

"வீடு கட்றவன் எழுபது காடு தாண்டித்தான்டா என் கடைக்கு வர்றான்" என்றவர், எதிரே நின்ற வாடிக்கையாளரிடம் ஒரு தகரத்தை நீட்டினார். "இது சாதா பூதம் இல்லீங்க. கண்ண நேராப் பாத்தா, பாக்கறவனோட மூணு உயிர்ல ஒண்ணு போயிடும். குனிஞ்சிக்கினு போறவன ஒண்ணும் பண்ணாது."

அது என் கேமின் விதி! படத்தைத் திருடியது போதாதென்று விதியையும் விற்றுக்கொண்டிருந்தார். டப்பாவிலிருந்து நீள ஆணி ஒன்றை எடுத்து, சுவரோரம் அடுக்கியிருந்த பூதங்களின் கண்களையெல்லாம் கீறினேன்.

சித்தப்பா தடுக்கவில்லை. "ஆணி கைல ஏறிடப் போவுதுடா" என்று மட்டும் சொன்னார். அப்பாவிடமும் சொல்லவில்லை. நான் இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை.

அந்தக் கண் விதி நோட்டின் முப்பத்தெட்டாம் பக்கத்தில், ஒரு மூலையில், பென்சிலில் இருந்தது. என் கையெழுத்தை அப்போது தமிழ் ஐயாவே படிக்க மறுத்து முட்டை போட்டுவந்தார். சிமெண்ட் தூசிக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்திருந்தாலொழிய அது சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஏழு காட்டையும் தாண்டிக் கடைசிவரை வந்த ஒரே ஆள் அன்று கடையில் என் எதிரே நின்றுகொண்டிருந்தார். நான் ஆணியைத் தேடிக்கொண்டிருந்தேன்.