அண்ணனுக்கு விழுந்த சுற்றுலா வரி

எங்கள் வீட்டு மாடி அறையில் தங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது வைஃபை பாஸ்வேர்டு. அடுத்தது, நல்ல நாசி கண்டார் சோறு எங்கே கிடைக்கும் என்பது. வெளிநாட்டுக்காரர்களாக இருந்தால் இன்னொரு கேள்வியும் வரும். போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இது என்ன, ஒரு ராத்திரிக்குப் பத்து வெள்ளி?" என்பார்கள்.

அது சுற்றுலா வரி, ராத்திரிக்குப் பத்து ரிங்கிட். மலேசியர்களுக்குக் கிடையாது, வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும். போன் ஆப்பில் அறை எடுக்கும்போதே எந்த நாட்டுக்காரர் என்று கேட்டு, வாடகையோடு சேர்த்து ஆப்பே பிடித்துக்கொள்ளும், அரசாங்கத்துக்கும் அதுவே கட்டிவிடும். அந்தக் காசு என் கைக்கு வருவதே இல்லை. ஆனால் ஆப்புக்கு வாசல் கிடையாது, மணி அடித்துக் கூப்பிட முடியாது. என்னைக் கூப்பிடலாம். ஆகவே வரி வாங்குவது அது, பேச்சு வாங்குவது நான். ஒரு ஜெர்மன்காரர் ரொட்டியில் காயா ஜாம் தடவியபடியே, இந்தப் பணத்தில் அரசாங்கம் என்ன செய்கிறது என்று என்னை விசாரித்தார். எங்கள் லோரோங் சந்து முனையில் மூடியில்லாமல் கிடக்கும் சாக்கடையைத் தாண்டித்தான் அவர் வந்திருந்தார். நாட்டின் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று நானும் ஏதேதோ சொல்லிவைத்தேன்.

அந்த மாடி அறை என் அண்ணனுடையது. உடையது என்றால், பத்திரப்படி வீடே என்னுடையதுதான். அம்மா என் பெயருக்கு எழுதிவைத்தார், அண்ணனும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். இளவயதிலேயே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே வீடு வாங்கி, அந்த நாட்டுக் குடிமகனாகவும் ஆகிவிட்டார். மலேசியப் பாஸ்போர்ட்டும் சிவப்பு, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டும் சிவப்பு என்பதால் எங்கள் யாருக்கும் அது பெரிய மாற்றமாகத் தெரியவில்லை. அவர் வரும்போதெல்லாம் மாடி அறையில் படுப்பார், போனதும் நாங்கள் கதவைச் சாத்திவைப்போம்.

அம்மா போன பிறகு, என் வீட்டுக்காரருக்கும் வேலை ஓய்வு வந்தது. மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறதே என்று நான்தான் ஆரம்பித்தேன். நகராண்மைக் கழகத்துக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினேன். சுவருக்கு வெள்ளை அடித்து, புதுக் கட்டில் போட்டு, படம் எடுத்து ஆப்பில் ஏற்றினேன். அண்ணனிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர் எப்படியோ அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். போன் செய்து, "என் ரூம்ல எவன் எவனோ படுக்கிறான், எனக்கு ஒரு வார்த்தை கூட சொல்லலயா நீ?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவர்தான். அதோடு பேச்சு நின்றுபோனது. கல்லறைத் திருநாளுக்கு அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற வருவதும் நின்றது. ஊரான் ஊரான் எல்லாம் வந்து அந்த அறையில் தூங்கி, மேகம் போல மெத்தை என்று எழுதிவிட்டுப் போனான். எனக்கு வேண்டியதெல்லாம் அண்ணன் ஒரு நாள் வந்து அங்கே படுக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்கு எந்தப் பொத்தானை அமுக்குவது என்றுதான் தெரியவில்லை.

போன வருஷம் அக்டோபரில், சமையல் செய்துகொண்டிருந்தபோது போன் கிணுகிணுத்தது. புது புக்கிங். கல்லறைத் திருநாளை ஒட்டி இரண்டு இரவு, ஒரே ஆள், சிங்கப்பூர். பெயரைப் பார்த்தேன். அண்ணன். கீழே அறை வாடகை, துடைக்கிற கூலி, அதற்கும் கீழே சுற்றுலா வரி. பிறந்த வீட்டில் படுக்க என் அண்ணன் சுற்றுலாப் பயணியாக வரி கட்டியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே கண்ணும் கலங்கிவிட்டது.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் பாகான் டாலாமில் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். சொந்தக்காரர் வீட்டில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிட்டு வருவதுதான் அவருக்குத் தெரிந்த பொருளாதாரம்.

"கூடப் பொறந்தவர்கிட்ட வாடகையா? ஊருல தெரிஞ்சா காறித் துப்புவானுங்க. கேன்சல் பண்ணு லா மொதல்ல."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. முதலில் காசைத் திருப்பிவிடுவோம், அப்புறம் போன் போட்டு உரிமையோடு கூப்பிடுவோம். ரத்து என்பதை அமுக்கினேன். ஏன் ரத்து செய்கிறீர்கள் என்று ஆப் காரணங்களை அடுக்கியது. குழாய் ரிப்பேர் இருந்தது, உடம்பு சரியில்லை இருந்தது, விருந்தாளி மேல் சந்தேகம் என்பது கூட இருந்தது. சொந்த அண்ணன் என்பது இல்லை. 'வேறு காரணம்' என்பதை அமுக்கினேன். கடைசி நேரத்தில் விருந்தாளியைக் கைவிட்டதற்காக எனக்கு அபராதம் போட்டது ஆப். போகட்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஆப்ல சொல்லிட்டான். நீ கேன்சல் பண்ணிட்டியாம், பக்கத்துல வேற எடம் பாத்துக்கச் சொல்றான். பரவால்ல, ஹோட்டல் போட்டுட்டேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். 'அண்ணே, காசு வேணாம்னுதான் கேன்சல் பண்ணேன், சும்மா வாங்க' என்று செய்தி அனுப்பினேன். படித்துவிட்டார் என்று காட்டியது, பதில் வரவில்லை. அன்று நான் என் வீட்டுக்காரரைத் திட்டிய திட்டு, ஜெர்மன்காரரும் சேர்ந்து கேட்டிருந்தால் வரியே பரவாயில்லை என்று போயிருப்பார்.

கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் நாங்கள் போனபோது, அண்ணன் முன்னதாகவே வந்து அம்மா கல்லறையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கிட்டப் போய், "ஹோட்டல் எப்படிண்ணே?" என்றேன்.

"கவுண்டர்ல நிக்க வச்சு டூரிஸ்ட் டேக்ஸ் கேட்டான் ஒரு பையன். பினாங்கு ஜெனரல் ஆஸ்பத்திரில பொறந்தவன் லா நான்னு சொன்னேன். 'பாஸ்போர்ட் சிங்கப்பூர் லா அங்கிள்'ங்கிறான். கட்டிட்டு வந்தேன்."

"காசு வாங்கக் கூடாதுன்னுதானே நான் கேன்சல் பண்ணேன். அது கூடவா தெரியாது உங்களுக்கு?"

"தெரியும். மெசேஜ் படிச்சேன்." பிடுங்கிய புல்லை ஓரமாகக் குவித்தார். "சும்மா வந்தா நான் ஒன் வீட்டுக்கு வந்த சொந்தக்காரன். நீ ஹால்ல பாய் போட்டாலும் படுத்துக்கணும். காசு கட்டினா அந்த ரெண்டு நாளைக்கு அது என் ரூமு. நீயே கதவத் தட்டிட்டுத்தான் உள்ள வரணும். ரூல்ஸ்ல நீதானே எழுதியிருக்க?"

ஆமாம், நான்தான் எழுதினேன். அறைக் கதவிலும் ஆப்பிலும் போட்டிருக்கிறேன். அறைக்குள் டுரியான் பழம் கூடாது. செருப்பு மாடிக்கு வரக்கூடாது. கதவைத் தட்டாமல் வீட்டுக்காரர்கள் உள்ளே வரமாட்டார்கள். போகும்போது சாவியை கேட் பக்கத்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும், எடுத்துக்கொண்டு போனால் ஐம்பது வெள்ளி அபராதம். ஒரு கொரியாக்காரப் பெண் சாவியோடு சியோல் போய்ச் சேர்ந்த பிறகு, என் வீட்டுக்காரர் அடம்பிடித்துச் சேர்த்த விதி அது. யாரும் படிப்பதில்லை என்று நினைத்திருந்தேன். அண்ணன் முதலிலிருந்து கடைசி வரை படித்திருக்கிறார். அங்கேயே, அத்தனை பேர் மெழுகுவர்த்தியோடு நிற்கும்போது, எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இப்பவே திரும்பப் போடுங்கண்ணே, நான் வாங்கிக்கிறேன்" என்றேன். அவர் போனை எடுத்துத் தேடினார். நான் ரத்து செய்த தேதிகளை வேறு யாருக்கும் தரக்கூடாது என்று ஆப் பூட்டிவைத்திருந்தது. என் வீட்டை எனக்கே திறந்துவிட அதற்கு மனசில்லை. சரி, சும்மா வாங்க என்றால் அவர் வரமாட்டார். கையில் கொடுங்கள் என்றால் எனக்கு வாய் வரவில்லை, ஆப்பை நடுவில் வைத்து வாங்குவது வேறு, அண்ணன் கையிலிருந்து வாடகை வாங்குவது வேறு. இரண்டு பேரும் அம்மாவை நடுவில் வைத்துக்கொண்டு முறைத்தபடி நின்றோம்.

விரலில் ஒட்டிய மெழுகைச் சுரண்டிக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னார்: "வாடகை வேணாம். வரி மட்டும் கட்டட்டும். அது நமக்கு இல்லல்ல, கவர்மெண்டுக்குத்தானே?"

இதைவிட முட்டாள்தனமான யோசனையை அவர் வாயிலிருந்து கூட நான் கேட்டதில்லை. ஆனால் அண்ணன் யோசித்தார். "அது நியாயம்" என்றார். நானும் தலையாட்டினேன். அன்றே ஹோட்டலைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டார்.

இரண்டு நாள் இருந்தார். செருப்பைக் கீழேயே விட்டார், டுரியானைக் கேட்டுக்கு வெளியே நின்று சாப்பிட்டார். காலையில் கோப்பி கொண்டுபோனால் கதவைத் தட்டிவிட்டு நின்றேன், "யெஸ்" என்று உள்ளிருந்து துரை மாதிரி குரல் வந்தது. அம்மா இருந்திருந்தால் இரண்டு பேர் தலையிலும் குட்டியிருப்பார். புதுக் கட்டிலை, தன் பழைய கட்டில் இருந்த ஜன்னலோரத்துக்கே இழுத்துப் போட்டிருந்தார். கோப்பியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்தேன்.

அவர் பஸ் ஏறிய பிறகு, அடுத்து வருகிறவர்களுக்காகச் சாவிப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு பத்து வெள்ளித் தாள் மடித்து வைத்திருந்தது. ஆப்பில் புக்கிங் இல்லாத வரியை யாரிடம் கட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். சாவி இல்லை.

என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "சாவியக் கொண்டு போயிட்டாரா? அம்பது வெள்ளி ஃபைன்னு ரூல்ஸ்ல இருக்கு லா."

"அது விருந்தாளிக்கு" என்றேன்.