இரண்டு சிலிண்டர் சூடு

எங்கள் முதல் காருக்கு என்ஜின் பின்னால் இருந்தது. அறுபதுகளின் கடைசியில், ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் இருந்தபோது அப்பா வாங்கிய பழைய இத்தாலிய ஃபியட் அது. நம் ஊரில் ஓடிய ஃபியட் மாதிரி இல்லை. முன்மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கத்தான் இடம். நான்கு பேர் உட்கார வேண்டுமானால் அவர்களுக்குள் சண்டை இருக்கக் கூடாது, அவ்வளவு சின்னது. இரண்டே சிலிண்டர். என் முதுகுக்குப் பின்னால் தையல் மெஷின் போல ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு அப்போது ஏழு வயது. அம்மாவுக்கு அந்தக் குளிர்காலம் ஒத்துக்கொள்ளவே இல்லை. ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. அப்பா வாரத்தில் ஆறு நாளும் ஆய்வுக்கூடத்தில். பேச ஆள் இல்லை. அரைத்து வைத்த இட்லி மாவு அந்தக் குளிரில் நான்கு நாளானாலும் பொங்காமல் அப்படியே கிடந்தது.

"என்னால முடியலைங்க. நானும் பாப்பாவும் ஊருக்கே போயிடறோம்" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். என்னைக் கேட்காமல் என்னையும் சேர்த்துக்கொண்டதில் எனக்கு வருத்தம். எனக்குப் பனி பிடித்திருந்தது.

அப்பா இன்ஜினியரிங் ஆராய்ச்சிக்கு வந்தவர். மனைவி ஊருக்குப் போகிறேன் என்றதும் அவருக்குத் தோன்றியது மாவின் டெம்பரேச்சர்தான். "ஒரு ஞாயித்துக்கிழமை குடு. மாவு பொங்கலைன்னா டிக்கெட் எடுத்துடறேன்" என்றார்.

மாவைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, அது நிற்கும் உயரத்தில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, கம்பளியில் சுற்றி, பின்சீட்டுக்குப் பின்னால் என்ஜினை ஒட்டியிருந்த இடத்தில் வைத்தார். காவலுக்கு நான்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை பனி மூடிய மலைப்பாதைகளில் போய்க்கொண்டே இருந்தோம். நிறுத்தினால் சூடு போய்விடுமாம். மரங்கள் வெள்ளையாக வந்து வெள்ளையாகப் போயின. முதுகில் இளஞ்சூடு. தூங்கினேன், விழித்தேன், முன்னால் இரண்டு தலைகளும் பேசிக்கொண்டிருந்தன, மறுபடி தூங்கினேன். ஒருமுறை அப்பாவின் குரல் கேட்டது.

"இதே இத்தாலிக்காரங்க ஸ்போர்ட்ஸ் கார் செய்யறாங்க. வி ஷேப்ல ஆறாறா பன்னெண்டு சிலிண்டர். ஒரு மணி நேரத்துல பொங்கிடும். என்ன, என்ஜின் முன்னாடி இருக்கும். மாவை நீ மடியில வச்சுக்கணும்."

அம்மா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்கு நெஞ்செல்லாம் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கம்பளியைப் பிரித்தேன். மாவு பிளாஸ்திரியைத் தாண்டி ஒரு நூல்கூட ஏறவில்லை. அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தாள். அப்பா குல்லாயைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"நல்லா பொங்கியிருக்குங்க" என்றாள் அம்மா.

"இல்லம்மா, பொங்கவே இல்ல. நான்தானே பாத்துக்கிட்டே வந்தேன்."

"உனக்குத் தெரியாது. சும்மா இரு."

நியாயத்துக்காக அப்பாவைப் பார்த்தேன். எதையும் அளக்காமல் நம்பாத மனிதர், ஜாடிப் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இட்லி கல்லாக வந்தது. அம்மா நான்கு சாப்பிட்டாள். டிக்கெட் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. இவ்வளவு படித்த பெரியவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு ஜாடியைப் பார்த்துச் சரியாகச் சொல்லத் தெரியவில்லையே என்று அன்று அவர்களுக்காக மிகவும் கவலைப்பட்டேன்.